மூன்று தரம் கேட்க வேண்டும்

ஒன்பது வருடங்களாகக் கெயர் வேலை செய்கிறேன். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, மருந்து எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டைச் சூடாக்கி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிற வேலை. இந்த ஒன்பது வருடங்களில் கை கழுவுவது எப்படி என்று எனக்கு ஐந்து தரம் படிப்பித்திருக்கிறார்கள். ஆறாவது தரமும் படிப்பிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று சமையலறையில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டில், எங்கள் பகுதியின் கெயர் வேலையை உள்ளூராட்சிக் கவுன்சில் ஒரு கம்பனியிடமிருந்து எடுத்து இன்னொரு கம்பனியிடம் கொடுத்தது. வேலை செய்யும் நாங்கள் அதே ஆட்கள். போகிற வீடுகளும் அதே வீடுகள். சட்டையின் நிறமும் கழுத்தில் தொங்கும் அட்டையும்தான் மாறும் என்று நினைத்தேன். ஆனால் புதிய மனேஜர் போன் எடுத்து, தேன் ஒழுகும் குரலில், என்னுடைய பழைய சேர்ட்டிபிக்கேட்டுகள் எதுவும் தங்களுடைய கணினியில் ஏறாது என்றார். கட்டாயப் பயிற்சிகள் எல்லாவற்றையும் முதலில் இருந்து முடித்தால்தான் என்னை வீடுகளுக்கு அனுப்பலாமாம்.

"எத்தனை பயிற்சி?" என்று கேட்டேன்.

"பதினேழு. பதினாறு ஒன்லைனில் செய்யலாம். கடைசி ஒன்று நேரில், ஒரு முழு நாள், எங்கள் ஹவுன்ஸ்லோ அலுவலகத்தில்."

"அதுவரைக்கும் என்னுடைய ஆட்களை யார் பார்ப்பது?"

"கவலைப்படாதீர்கள். முழுப் பயிற்சி பெற்ற ஒருவரை அனுப்புகிறோம்."

முழுப் பயிற்சி பெற்ற ஒருவர். அதைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். அதுவும் கூடாது, அனுமதி வரும்வரை அந்த வீடுகளின் பக்கம் போகவே கூடாது, போனால் வேலைக்கே ஆபத்து என்றார். அதையும் அதே தேன் குரலில்தான் சொன்னார்.

என்னுடைய ஆட்களில் ஐயா ஒருவர். வயது எண்பத்து நான்கு. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இருபத்தைந்து வருடம் பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் டொரொண்டோவில். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக வேலை செய்யாது. வோக்கரைப் பிடித்து அறைக்கு அறை நடப்பார், அவ்வளவுதான். மூளை மட்டும் முழுசாக இருக்கிறது. ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுவார். மத்தியானமும் பின்னேரமும் நான்கு வருடங்களாக அவர் வீட்டுக்குப் போகிறேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, என்னைப் "பிள்ளை" என்பார். கறிக்கு உப்புக் காணாது என்பார், ஹீட்டரை யார் கூட்டியது என்பார், நான் ஐந்து நிமிடம் பிந்தினால் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். எனக்கும் அவருக்கும் சண்டை வராத கிழமை கிடையாது.

ஒன்லைன் பாடங்களைப் பற்றிச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு வீடியோ. அதைத் தாண்டிப் போகவும் ஏலாது, வேகமாக ஓட்டவும் ஏலாது. நடுவில் எழும்பி உலைக்கு அரிசி போட்டுவிட்டு வந்தால், "நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?" என்று திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். இருக்கிறேன் என்று அழுத்தப் பிந்தினால் திரும்பவும் முதலில் இருந்து. தீ அணைக்கும் சிலிண்டர்களின் நிறங்களை மூன்று தரம் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் ஒரு வீட்டிலும் நான் தீ அணைக்கும் சிலிண்டரைக் கண்டதில்லை. குனிந்து பாரம் தூக்குவது எப்படி என்று ஒரு இளம் பெடியன் வெறும் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அந்தப் பெட்டி அவனைத் திட்டவும் இல்லை, அவன் சேர்ட்டைப் பிடித்து இழுக்கவும் இல்லை. வீடியோவில் வருகிற கிழவி எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்படி ஒரு ஆள் எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

பதினோராவது பாடம் சம்மதம் பற்றியது. முடிவில் ஒரு கேள்வி. தெளிவாக யோசிக்கக்கூடிய ஒருவர் மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒன்று, சாப்பிடும்படி வற்புறுத்துவேன். இரண்டு, அவருடைய முடிவை மதித்து, மறுத்துவிட்டார் என்று பதிவு செய்வேன். மூன்று, அவருடைய குடும்பத்திடம் முறையிடுவேன். இந்தப் பரீட்சைகள் என்ன விடையை விரும்பும் என்று எனக்குத் தெரியாதா? கையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டு, யோசிக்காமல் இரண்டை அழுத்தினேன். நூற்றுக்கு நூறு. திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி விழுந்தது. அந்தப் பச்சைச் சரியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது கிழமை ஐயாவின் மகள் டொரொண்டோவிலிருந்து போன் எடுத்தாள்.

"அக்கா, அப்பா சாப்பிடுறாரில்லையாம்," என்றாள். "கெயருக்கு வாறவை எழுதுறதை நான் இஞ்சையிருந்து போனில பார்க்கலாம்தானே. ஒவ்வொரு நாளும் மத்தியானம் வேண்டாமெண்டிட்டார், பின்னேரம் வேண்டாமெண்டிட்டார் எண்டுதான் கிடக்கு. காலமையில தானே கரைச்சுக் குடிக்கிற பால்மாவும் மருந்தும் மட்டும்தான் உள்ள போகுது."

"நீங்கள் அவரைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். ஒரு குறையும் இல்லை, வாற பிள்ளை நல்ல பிள்ளை எண்டுறார். சாப்பிட்டியளோ எண்டால் ஓம் ஓம் எண்டுறார். ஆனா நிறை நல்லாக் குறைஞ்சு போச்சு, அக்கா. வெள்ளிக்கிழமை கவுன்சிலில இருந்து சோஷல் வேர்க்கர் வாறாவாம். சாப்பாட்டை மறுக்கிற ஆளைத் தனிய விடேலாது, நேர்சிங் ஹோமுக்கு மாத்தவேணும் எண்டு கதைக்கினம்."

அந்த வீட்டை விட்டுப் போவதில்லை என்று எத்தனை தரம் அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். மனைவி இருந்த கதிரை அங்கேதான் இருக்கிறது. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறி நின்று கட்டிய கடனில் வாங்கிய வீடு.

"அந்தப் பிள்ளையை இன்னொருக்கால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ," என்றேன். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வருகிற பெண் சாப்பாட்டைக் கருக்குகிறாளோ, ஐஸாகவே நீட்டுகிறாளோ என்றுதான் என் புத்தி போனது. அவள் ருமேனியாக்காரி, பயிற்சி எல்லாம் முடித்தவள் என்று மகள் சொன்னாள். பயிற்சி முடித்தவளின் இலட்சணம் இதுதான் என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டேன்.

புதன்கிழமை ஹவுன்ஸ்லோ. நான் வேலை செய்வது லண்டனின் கிழக்கு மூலையில், பயிற்சி மேற்கு மூலையில். எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, ஈலிங்கில் இறங்கி, அங்கிருந்து பஸ். ஒன்பது மணிக்கு நிற்க வேண்டும் என்பதால் விடிய வெளிக்கிட்டேன், வெறும் வயிறு. ஒரு கடைக்கு மேலே உள்ள அறையில் நாங்கள் எட்டுப் பேர். பயிற்சி தந்தவர் கானா நாட்டுப் பெண், என்னுடைய வயது இருக்கும். வாய் ஓயாமல் பேசினாலும் வேலை தெரிந்தவர் என்று பார்த்தவுடனேயே விளங்கியது. அதனால் எனக்குக் கொஞ்சம் கோபம் குறைந்தது. காலையில் முதலுதவி பழகப் பொம்மையின் நெஞ்சை அமத்தினோம், ஆளைத் தூக்கும் ஹொயிஸ்டில் ஒருவரை ஒருவர் ஏற்றி இறக்கினோம்.

பிறகு ஆளுக்கொரு தயிர்க் கோப்பையும் கரண்டியும் தந்தார். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் நோயாளியாக இருக்க மற்றவர் ஊட்ட வேண்டும். மற்றவர் கையால் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியுமாம். என்னுடைய ஜோடி ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண், இதுதான் அவளுடைய முதல் வேலை. சொல்லிக் கொடுத்தபடி என் முன்னால் முழங்காலில் குந்தி, என் கண்ணைப் பார்த்து, கொஞ்சம் தயிர் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.

பசியில் எனக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது. அது ஸ்ட்ரோபெரித் தயிர், மணம் மூக்கில் ஏறியது. நான் சொன்னேன், "வேண்டாம் வேண்டாம், பரவாயில்லை, நன்றி."

அவள் தலையாட்டினாள். கோப்பையை மூடி மேசையில் வைத்தாள். தாளை எடுத்து, மறுத்துவிட்டார் என்று அழகான எழுத்தில் எழுதினாள்.

பின்னால் நின்று பார்த்த கானாப் பெண், "மிக நன்று. அவருடைய விருப்பத்தை மதித்தீர்கள்," என்று அவளைப் பாராட்டினார்.

நான் மூடிய கோப்பையைப் பார்த்தபடி இருந்தேன். அவள் திரும்பக் கேட்பாள் என்று நான் காத்திருந்தது அப்போதுதான் எனக்கே விளங்கியது. முதல் தரம் கேட்டவுடன் ஓம் என்று வாங்கிச் சாப்பிட நான் என்ன பறக்காவெட்டியா? வேண்டாம் என்பேன், நீ இன்னொரு தரம் கேட்பாய், அதற்கும் பரவாயில்லை என்பேன், நீ பிடிவாதமாகக் கரண்டியை நீட்டுவாய், சரி கொஞ்சம் என்பேன். எங்கள் வீடுகளில் சாப்பாடு அப்படித்தான் வாய்க்குள் போகிறது. இதை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை, நானும் யாருக்கும் படிப்பிக்கவில்லை. இதற்கு ஒரு பாடம் வேண்டும் என்றே நான் நினைத்ததில்லை.

ஐயாவின் வீட்டில் நான் ஒவ்வொரு நாளும் செய்தது கண் முன்னால் வந்தது. சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டு போவேன். "வேண்டாம் பிள்ளை, இப்பதான் சாப்பிட்டனான்," என்பார். அவருக்கு யார் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. "ஒரு வாய் சாப்பிடுங்கோ ஐயா," என்பேன். "நீர் தேத்தண்ணி குடிச்சீரோ?" என்பார். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய கேத்திலில் எனக்கொரு தேத்தண்ணி ஊற்றுவேன். "இந்தா, நான் குடிக்கிறன். இனி நீங்கள் சாப்பிடுங்கோ." அதற்குப் பிறகுதான், "சரி, கொஞ்சமா வையும்," என்பார். அந்தக் கொஞ்சம் ஒரு கோப்பை நிறையச் சோறு.

இதில் ஒரு எழுத்தையாவது நான் எங்கேயும் எழுதியதில்லை. நாங்கள் ஆட்களின் வீட்டில் ஒன்றும் வாங்கிக் குடிக்கக்கூடாது, சாப்பிடக்கூடாது. அது பெரிய விதி. அதனால் நான்கு வருடமும் ஒரே வசனத்தைத்தான் எழுதினேன்: நன்றாகச் சாப்பிட்டார், சிறிது ஊக்கம் தேவை. ஆளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் கெயர் பிளானிலும் அந்த வசனம்தான் ஏறியிருந்தது. ருமேனியாக்காரி அதை வாசித்திருப்பாள். சாப்பாட்டை நீட்டி, நின்றபடி, ஒரு தரம் கேட்டிருப்பாள். அவர் தன்னுடைய நல்ல ஆங்கிலத்தில், வேண்டாம், மிக்க நன்றி, இப்போதுதான் சாப்பிட்டேன் என்றிருப்பார். இவ்வளவு தெளிவாகச் சொல்கிற ஆளை யார் வற்புறுத்துவார்கள்? சாப்பாடு நீண்ட நேரம் வெளியே இருக்கக்கூடாது என்று இன்னொரு பாடம் இருக்கிறது. அதன்படி கோப்பையை மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருப்பாள். அவள் ஒரு பிழையும் விடவில்லை. பிழை விட்டது ஒன்பது வருட அனுபவம் என்று மார்தட்டிய நான்.

இடைவேளையில் கானாப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், தேத்தண்ணி உட்பட.

"என்னுடைய தாயும் மூன்றாம் தரம் கேட்கும்வரை எதையும் தொடமாட்டார்," என்றார். "நான் இத்தனை வருடமாக இந்தத் தயிர்ப் பயிற்சி கொடுக்கிறேன், எனக்கும் தோன்றவில்லையே. நீங்கள் ஏன் இதை எழுதவில்லை?"

"எழுதினால் நான் தேத்தண்ணி குடித்தது தெரிந்துவிடும்."

"இப்போது எழுதினாலும் தெரியத்தான் போகிறது."

"தெரியட்டும்," என்றேன்.

அங்கேயே ஒரு தாள் வாங்கி ஆங்கிலத்தில் எழுதினேன். நின்றுகொண்டு கேட்க வேண்டாம், உட்காருங்கள். மூன்று தரம் கேளுங்கள். அவரோடு ஏதாவது குடியுங்கள், அப்போதுதான் சாப்பிடுவார். நான்கு வருடமாக நான் அப்படித்தான் செய்தேன். கீழே கையெழுத்துப் போட்டு, மனேஜருக்கு அனுப்பும்படி கானாப் பெண்ணிடம் கொடுத்தேன். இந்த வேலை போனால் இந்த வயதில் எனக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? ஆனால் வெள்ளிக்கிழமை அவரை வெளியே எடுத்துவிட்டால் அது என்னுடைய நான்கு வருடப் பொய்யால்தான்.

அன்று பின்னேரமே மனேஜர் போன் எடுத்தார். குரலில் இப்போது தேன் இல்லை.

"நான்கு வருடமாக அவருடைய வீட்டில் சிற்றுண்டி எடுத்திருக்கிறீர்கள்?"

"தேத்தண்ணி," என்றேன். "சில நாள் ஒரு பிஸ்கட்."

கம்பனி விதியைப் படித்துக் காட்டினார். பிஸ்கட்டையும் தனியாகக் குறித்துக்கொண்டார். முடிவில், குறிப்பைக் கெயர் பிளானில் ஏற்றிவிட்டதாகவும், சோஷல் வேர்க்கருக்கும் அனுப்பிவிட்டதாகவும், கெயரர் குடிப்பதானால் தன்னுடைய வீட்டிலிருந்தே கொண்டுவந்து குடிக்கலாம் என்று சேர்த்திருப்பதாகவும் சொன்னார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரும். கூடவே பதினெட்டாவது பயிற்சி ஒன்று, தொழில் எல்லைகள் பற்றி.

வெள்ளிக்கிழமை மாலை மகள் திரும்பப் போன் எடுத்தாள்.

"அக்கா, நேற்றும் இண்டைக்கும் முழுக்கச் சாப்பிட்டாராம். சோஷல் வேர்க்கர் இருக்கேக்கையே சாப்பிட்டாராம். இப்ப ஒண்டும் மாத்தேல்லை, ஒரு மாதம் பார்ப்பம் எண்டிட்டா."

அவள் அழுதாள், நானும் அழுதேன். கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னைத் தவிர வேறு யார் கொடுத்தாலும் அவர் சாப்பிடமாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை எனக்கு இருந்திருக்கிறது. ருமேனியாக்காரி ஒரு தாளை வாசித்துவிட்டு இரண்டு நாளில் அதை முடித்துவிட்டாள்.

அடுத்த கிழமை என்னுடைய அனுமதி வந்தது. புதுச் சட்டையோடும், கைப்பையில் ஒரு தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடும் போய்க் கதவைத் திறந்தேன். ஐயா கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சேர்ட்டின் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகலாம்.

"அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை," என்றார். "ஆனா மூண்டு தரமும் ஒரே மூச்சில கேட்டுப்போடும். மறுமொழி சொல்ல விடாது."

சிரித்தபடியே அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்த குசனைத் தட்டிப் போடப் போனேன். அடியில் ஒரு க்ரீம் க்ராக்கர் பிஸ்கட் பக்கற்று கிடந்தது. கத்தரிக்கோலால் வெட்டியதும் அல்ல, கையால் கிழித்ததும் அல்ல. ஒரு மூலையில் பல் பதிந்து, கடதாசி சப்பித் துப்பியதுபோல் கிழிந்திருந்தது. வேலை செய்யாத வலது கையோடு, மூன்று கிழமை, யாரும் இல்லாத நேரத்தில் அவர் இப்படிப் பக்கற்றுகளைப் பல்லால் கிழித்துச் சாப்பிட்டிருக்கிறார். ஆள் வரும்போது ஒளித்து வைத்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "பசிக்குது எண்டு அந்தப் பிள்ளையிட்ட வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னால் என்ன, ஐயா? உங்களுக்கு இங்கிலீஸ் தெரியாதோ? பட்டினி கிடந்து சாகப் பார்த்தனீங்களோ?"

அவர் பக்கற்றைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"என்ர வீட்டில நான் கேட்டுச் சாப்பிடுறதோ, பிள்ளை?" என்றார்.

பக்கற்றை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, சாப்பாட்டைச் சூடாக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். விதிப்படி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விதிப்படி பிளாஸ்க்கைத் திறந்தேன். அவர் பிளாஸ்க்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுக்கு வாற ஆள் தேத்தண்ணி கட்டிக்கொண்டு வாறதோ? இதென்ன கூத்து?"

"கம்பனி ஓடர் அப்பிடி, ஐயா."

அவருடைய முகம் கறுத்துவிட்டது. சோற்றைத் தொடவில்லை. நான் எழும்பி அலுமாரியில் இருந்து இன்னொரு கப்பை எடுத்து, பிளாஸ்க்கில் இருந்து அவருக்கும் ஊற்றி நீட்டினேன்.

"குடியுங்கோ."

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்."

"ஒரு வாய் குடியுங்கோ ஐயா."

"பரவாயில்லை, நீர் குடியும்."

சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது, எடுத்துப் பார்த்தேன். பதினெட்டாவது பயிற்சி இன்னும் முடிக்கவில்லை என்று ஒரு நினைவூட்டல். அதைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, கப்பை அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நீட்டி, மூன்றாம் தரம் கேட்டேன்.

"சரி," என்றார், "கொஞ்சமாத் தாரும்."